பழவேற்காட்டிலிருந்து ஒரு பிரெஞ்சு ஏரிக்கு

"வீட்டிலிருந்தே பிரான்ஸைச் சுற்றிப் பார்க்கலாம்" என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஈஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். முதல் இரண்டு நாள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம், மூன்றாம் நாள் அலுத்துவிடும். அங்கே எல்லாம் நமக்காக முன்கூட்டியே அடுக்கி வைத்துக் காட்டப்படுகிறது. நாமாகத் தேடிப் போகும் வேலை எதுவும் இல்லை.

அதனால் நான் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். கிளம்பும்போதே கையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். பழவேற்காட்டு ஏரி மாதிரி கடலை ஒட்டிய உப்புநீர் ஏரி பிரான்ஸில் இருக்கிறதா? இருந்தால், அங்கே மீன்பிடிக்கும் இடத்தை யார், எப்படிப் பங்கு வைத்துக்கொள்கிறார்கள்? ஏழெட்டு மாதம் வார இறுதிகளில் இந்தக் கேள்வியோடு சுற்றியதில் சேர்ந்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் பிரெஞ்சு அறிவைப் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் மார்க் வாங்குவதற்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மார்க் வந்தது, மொழி வரவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியும் அகராதியும் துணைக்கு இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது.

பழவேற்காட்டுக்கும் பிரான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாகப் பார்த்தால் குறைவுதான். பழவேற்காடு டச்சுக்காரர்களின் ஊர். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையகம் 1690 வரை இங்கேதான் இருந்தது, பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்களின் கதை தெற்கே, புதுச்சேரியில். ஆனால் இரண்டு கதைகளும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன. 1693-இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை கையில் வைத்திருந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் "பிரெஞ்சு நகரம்" என்று படம் எடுக்கும் அந்தக் கட்டம் போட்ட தெருவமைப்பின் ஆரம்ப வரைபடம் அந்த ஆறு ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் போட்டது. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் டெலோஷ், நெதர்லாந்து ஆவணக்காப்பகத்தில் இருக்கும் பழைய வரைபடங்களை வைத்து இதை விளக்கியிருக்கிறார்.

சுவாரஸ்யமான தகவல்தான். ஆனாலும் இது கவர்னர்கள், கோட்டைகள், கம்பெனிகளின் கதை. கோட்டைக்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு அதில் பேச எதுவும் இல்லை. கெல்டிரியா கோட்டையும் இப்போது புதர் மண்டிய மேடுதான். அவர்களிடம் பேச ஏரி இருக்கிறது, வலை இருக்கிறது, பாடு இருக்கிறது. என் கேள்வியை அங்கிருந்துதான் எடுத்தேன்.

முதலில் நம்ம பாடு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீளமான மணல் தீவு. கடல்நீர் உள்ளே வரவும் ஏரிநீர் வெளியே போகவும் முகத்துவாரம். இறாலும் மடவையும் நண்டும் இந்த முகத்துவாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. அது மணல் மூடிப்போனால் ஏரி திணறும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் வரத்து அதிகம். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் அடிதடிதான். அதற்காக வந்த ஏற்பாடு பாடு. நல்ல இடங்களைப் பிரித்து, எந்த நாள் எந்தக் குழு எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். பங்கு பெறும் உரிமை தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஆணை வைத்துக் கணக்கிடும் குடும்பத்துக்கு. இதே பெயரில் இதே மாதிரி ஏற்பாடு இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இருக்கிறது.

"பாடு" என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். மீன் கிடைப்பதற்கும் பாடு (மீன்பாடு எப்படி?), உழைப்புக்கும் பாடு (பாடுபட்டான்), அவரவர் நிலைமைக்கும் பாடு (அவன் பாடு திண்டாட்டம்). ஒரு சொல்லுக்குள் முறை, உழைப்பு, பலன் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வரைபடத்தில் ஏறுவது

பிரான்ஸின் தென்கரையை செயற்கைக்கோள் படத்தில் திறந்து, ஸ்பெயின் எல்லையிலிருந்து கிழக்கே மெதுவாக நகர்த்தினேன். லாங்தோக் என்ற அந்தக் கரையோரம் முழுக்க ஏரிகள். லுகாத், பாஜ்-சிஜான், தோ, பலவாஸ் என்று மணிமாலை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய மணல்திட்டு. சில இடங்களில் அந்தத் திட்டு அறுபட்டு ஒரு வாய். படத்தைப் பார்த்த உடனே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அளவில் நம்ம ஏரியோடு ஒப்பிட முடியாது. அங்கே இருக்கும் பெரிய ஏரிகளில் ஒன்றான தோ, சுமார் 75 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நம்ம ஏரி பெரும்பாலும் இடுப்பளவு ஆழம் என்றால், தோ ஏரி சராசரியாக நாலரை மீட்டர் ஆழம். அதனால் அங்கே நீருக்குள் கயிறு தொங்கவிட்டு சிப்பி வளர்க்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரில் வரிவரியாகத் தெரியும் கட்டங்கள் அந்தச் சிப்பிப் பண்ணைகள்.

இங்கேதான் மொழி முதல் பாடத்தை எடுத்தது. விஞ்ஞானக் கட்டுரைகளில் இந்த நீர்நிலைக்குப் பெயர் லகூன். உள்ளூர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது "எத்தாங்". மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் "குளம்" என்று வருகிறது. 75 சதுர கிலோமீட்டர் உப்புநீரைக் குளம் என்கிறார்களே என்று சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, நாமும் அதைத்தானே செய்கிறோம்? வயலுக்கு நீர் பாய்ச்சும் ஏரிக்கு வைத்த பெயரையே கடலோடு கலக்கும் இந்த நீர்ப்பரப்புக்கும் வைத்திருக்கிறோம். பழவேற்காட்டில் யாரும் "உவர்நீர்க் காயல்" என்று பேசி நான் கேட்டதில்லை. இரண்டு கரையிலும் மக்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய, எளிய சொல்லை எடுத்துப் புதிய பொருளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த சொல் "க்ரோ". ஏரி கடலில் திறக்கும் வாய்க்கு அந்தப் பக்கத்துப் பெயர், அப்படியே நம்ம முகத்துவாரம். இது பாரிஸ் பிரெஞ்சில் பிறந்த சொல் இல்லை. தெற்கே பேசப்பட்ட ஓக்சித்தான், கத்தலான் மொழிகளின் சொத்து. "ல க்ரோ த்யூ ருவா" என்று ஓர் ஊர் இருக்கிறது. அர்த்தம் "அரசரின் முகத்துவாரம்". பள்ளிக்கூடத்தில் பல தலைமுறைகளாகப் பாரிஸ் மொழியை மட்டுமே சொல்லிக்கொடுத்து, ஓக்சித்தானைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் ஊர்ப்பெயரிலும் வலையின் பெயரிலும் மீனின் பெயரிலும் அது தங்கிவிட்டது. பிரெஞ்சுப் பண்பாடு என்பது ஒரே அச்சில் வார்த்தது என்று நினைத்திருந்தவனுக்கு இந்த ஒரு சொல் நல்ல மருந்து.

இன்னொரு சின்ன வேடிக்கை. பிரெஞ்சில் மீனவருக்கும் பாவிக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துக்கோர்வை, இரண்டும் "பெஷர்". ஈ என்ற எழுத்தின் தலையில் கூரை மாதிரி குறி போட்டால் மீனவர், சாய்கோடு போட்டால் பாவி. குறி எதுவும் போடாமல் பழைய நூல்களில் தேடினால் மீன்பிடிச் சட்டங்களோடு பாவமன்னிப்புப் பிரசங்கங்களும் சேர்ந்து வந்து நிற்கும்.

ப்ரூதொமி

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த ஏரிகளில் இடத்தை யார் பங்கு வைக்கிறார்கள்?

பிரான்ஸின் மத்தியதரைக்கடல் கரையில் "ப்ரூதொமி" என்று ஓர் அமைப்பு உண்டு. ப்ரூதொம் என்றால் பழைய பிரெஞ்சில் நேர்மையான, விவரமான ஆள். நம்ம ஊர்க் கணக்கில் "பெரிய மனுஷன்". ஒரு துறையின் மீனவர்கள் தங்களுக்குள்ளேயே சில ப்ரூதொம்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் எங்கே வலை போடுவது, எந்த வலை கூடாது, இருவருக்குள் தகராறு வந்தால் தீர்ப்பு என்ன என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. மார்செய் நகரில் இது 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. (பிரான்ஸில் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கும் இதே பெயர்தான். தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பிரெஞ்சுப் புரட்சி, பழைய தொழிற்குழுக்கள் எல்லாவற்றையும் கலைத்தது. 1791-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். ஆனால் மீனவர்களின் ப்ரூதொமியை மட்டும் தொடரலாம் என்று 1790 டிசம்பரிலேயே தேசிய சபை ஆணை பிறப்பித்துவிட்டது. அரசரைக் கவிழ்த்தவர்கள் மீனவப் பஞ்சாயத்தில் கைவைக்கவில்லை. பிறகு 1859 நவம்பர் 19 ஆணை அதன் அதிகாரங்களை எழுத்தில் வரையறுத்தது. இன்றும் அந்தக் கரையில் முப்பதுக்கு மேல் ப்ரூதொமிகள் இருக்கின்றன.

லாங்தோக் ஏரிகளைச் சேர்ந்த ப்ரூதொமிகளில்தான் நான் தேடியது கிடைத்தது. அங்கே விலாங்கு மீனுக்குக் "கப்பெஷாத்" என்று ஒரு வலை. கம்பு நட்டு, மீனை வழிமறிக்கும் நீண்ட வலைச்சுவர் கட்டி, அதன் முனையில் கூண்டு மாதிரி பைகளை வைப்பார்கள். ஓரிடத்தில் நட்டால் அங்கேயே இருக்கும். ஆக, இடம்தான் எல்லாம். நல்ல இடத்துக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு சீட்டுக் குலுக்கல். பிரெஞ்சில் "திராஜ் ஓ சோர்". "சோர்" என்றால் விதி. விதியிடமிருந்து இழுத்தெடுப்பது என்று கொள்ளலாம். மீனவர்கள் ஓரிடத்தில் கூடி, பெயர்களை இழுத்து, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிறார்கள்.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஒருவருக்கொருவர் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மீனவர் கூட்டங்கள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டதாக நான் சொல்ல வரவில்லை. ஏரி சின்னது, நல்ல இடம் அதிலும் குறைவு, ஆள் அதிகம், எல்லோரும் தினமும் முகத்தில் முகம் விழித்தாக வேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்தால் விடை சீட்டில்தான் வந்து நிற்கும்போல. கணினித் துறையில், ஒரே வளத்துக்குப் பல புரோகிராம்கள் போட்டியிடும்போது முறை வைத்துக் கொடுப்பது அடிப்படைப் பாடம். அதை எங்களுக்குக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் நடத்தினார்கள்.

"சீட்டுல பேரு எழுதுறது யாரு?"

இதையெல்லாம் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, பழவேற்காட்டில் எனக்குப் பல வருடமாகப் பழக்கமான ஒரு மூத்த மீனவரிடம் காட்டினேன். வலை பிரித்துக்கொண்டே பார்த்தார். கப்பெஷாத் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கம்பு நட்டிருக்கும் இடைவெளியைக் கவனித்தார். பிறகு கேட்டார்:

"சீட்டு எடுக்கிறது சரி தம்பி. சீட்டுல பேரு எழுதுறது யாரு?"

"புரியலண்ணே."

"யாரு பேரு உள்ள இருக்கு, யாரு பேரு இல்ல. சண்டையெல்லாம் அங்கதான் இருக்கு. குலுக்கும்போது ஒரு சண்டையும் வராது."

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியோடு மறுபடி படித்தேன். ப்ரூதொமியின் உறுப்பினர்கள் "பத்ரோன்", அதாவது சொந்தமாகத் தொழில் நடத்தும் மீனவர்கள். கூலிக்குப் படகேறுபவர்களுக்கு அதே இடம் இல்லை. சமத்துவம் இருக்கிறது, ஆனால் வேலிக்குள் இருக்கிறது.

நம்ம பாடும் அப்படித்தான். தலைக்கட்டுக் கணக்கு பாடு உரிமை உள்ள பட்டினவர் கிராமங்களுக்குள் மட்டும். அந்த உரிமை இல்லாத ஊர்கள், தலித் மீனவர்கள், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், மீனை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள், இவர்கள் யாருடைய பெயரும் சீட்டில் வராது. ஏரியில் மீன் குறையக் குறைய, வெளியே நிற்பவர்களின் கோபமும் கூடுகிறது. ஆய்வாளர்கள் பாடு முறையைப் புகழ்ந்தும் எழுதியிருக்கிறார்கள், இந்த இடத்தைச் சுட்டிக்காட்டி விமர்சித்தும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒப்பிட இன்னொரு ஏரி இருந்ததால், ஊர்க்கதை என்று பேசாமல் அமைப்பின் கதையாக இதைப் பேச முடிந்தது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அது என்பேன்.

சேத்: ஒரு துறைமுகத்தில் கொஞ்ச நேரம்

தோ ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர் சேத். கால்வாய்களால் ஆன ஊர். 1666 ஜூலை 29-இல் துறைமுகத்தைத் தொடங்கியபோது நடத்திய படகுச் சண்டை விளையாட்டு இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கிறது. ஒரு சிவப்புப் படகு, ஒரு நீலப் படகு. இரண்டின் பின்புறமும் உயரமான ஏணி மாதிரி மேடை. அதன் உச்சியில் வெள்ளை உடையில் ஈட்டியும் கேடயமும் பிடித்து ஒருவர். துடுப்புப் போட்டு எதிரெதிரே வருவார்கள், யார் தண்ணீரில் விழுகிறாரோ அவர் தோற்றவர். யூடியூபில் நிறைய வீடியோ கிடைக்கிறது. நம்ம பக்கத்துப் படகுப் போட்டிக்குக் கூடும் கூட்டத்தின் அதே சத்தம் அங்கேயும்.

சேத்தில் ஏரியை ஒட்டிய மீனவர் குடியிருப்பு லா புவாந்த் கூர்த். தெரு மட்டக் காட்சியில் இறங்கி நடந்து பார்க்கலாம். குறுகலான சந்துகள், வாசலில் குவித்த வலை, உலரும் துணி, பூனைகள். இதே பெயரில் அன்யெஸ் வார்தா தன் முதல் படத்தை 1954-இல் இங்கே எடுத்தார். ஒரு தம்பதியின் கதையும் குடியிருப்பின் கதையும் மாறி மாறி வரும். குடியிருப்பின் பகுதியில் நடித்தவர்கள் அந்த மீனவர்களே. அதில் அவர்களுடைய பிரச்சினை என்ன தெரியுமா? நீர் அசுத்தம் என்று சொல்லி, சிப்பி எடுக்கக்கூடாது என்று தடை போட்டு, அதிகாரிகள் ரோந்து வருகிறார்கள். அசுத்தம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் அங்கே சிப்பி எடுத்தது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. எண்ணூர்ப் பக்கம் மீன்பிடிக்கும் யாருக்கும் இந்தப் படத்துக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

ஊருக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள். மலைச்சரிவில் கடலைப் பார்த்தது ஒன்று, கவிஞர் போல் வலேரி அங்கே இருக்கிறார். இன்னொன்று ஏரியைப் பார்த்த சாதாரண மக்களின் கல்லறை. பாடகர் ழோர்ஜ் பிரசான்ஸ் அடக்கமானது அங்கே. பழவேற்காட்டில் செதுக்கு வேலையோடு பாதுகாக்கப்படும் டச்சுக் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு, எந்தக் கல்லறை சுற்றுலா வரைபடத்தில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போகிற வழியில் பூநாரையையும் பார்த்துவிடலாம். பழவேற்காட்டுக்கு வரும் பெரிய பூநாரையும், கிழக்கே கமார்க் சதுப்பில் நிற்கும் "ஃபிளமான் ரோஸ்" என்ற பறவையும் ஒரே இனம். கமார்க்கில் 1954-இல் தொடங்கிய தூர் த்யூ வலா ஆய்வு நிலையம், 1977 முதல் குஞ்சுகளின் காலில் எண் வளையம் மாட்டி, தொலைநோக்கியில் அதைப் படித்து அவற்றின் போக்குவரத்தைப் பதிவு செய்துவருகிறது.

காலத்தில் பின்னோக்கி

பிரான்ஸின் தேசிய நில அளவை நிறுவனம் ஓர் அருமையான தளம் வைத்திருக்கிறது. பெயர் "ரமோந்தே ல தான்", அதாவது காலத்தில் மேலேறிப் போவது. ஒரே இடத்தின் 1950-65 கால வான்வழிப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தலாம். இலவசம்.

பலவாஸுக்குக் கிழக்கே லா கிராந்த் மோத் என்ற இடத்தை அதில் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் மணலும் சதுப்பும். வலப்பக்கம் பிரமிடு வடிவில் அடுக்குமாடிகள் நிறைந்த கடற்கரை நகரம். 1963-இல் பிரெஞ்சு அரசு இந்தக் கரை முழுவதையும் சுற்றுலாவுக்காக மாற்றத் தீர்மானித்தது. கொசுவை ஒழித்தார்கள், படகுத்துறைகள் தோண்டினார்கள், புதிய ஊர்களையே எழுப்பினார்கள். முகத்துவாரங்கள் பலவும் கல் கட்டி நிலையாக்கப்பட்டுத் துறைமுக வாசல்களாகிவிட்டன. க்ரூயிசானுக்குத் தெற்கே ஐரோல் ஏரியின் முகத்துவாரம் மாதிரி, மணல் தன் போக்கில் நகர விட்டிருக்கும் இடங்கள் இப்போது அபூர்வம்.

இன்னும் கிழக்கே, மார்செய்க்குப் பக்கத்தில் பெர் ஏரி. 155 சதுர கிலோமீட்டர். அதன் வாயில் இருக்கும் மார்த்திக் ஊர், மடவை மீனின் சினையை உப்பிட்டு உலர்த்தும் "பூதார்க்" என்ற பண்டத்துக்குப் பேர்போனது. 1930-களில் கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1957-இல் ஏரியில் மீன்பிடிக்கவே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். 1966-இல் சான் ஷமா நீர்மின் நிலையம் திறந்தது. த்யூரான்ஸ் ஆற்றின் நன்னீரும் வண்டலும் கால்வாய் வழியே உப்பேரிக்குள் கொட்டத் தொடங்கின. நல்ல தண்ணீர்தானே என்று தோன்றும். உவர்நீர் ஏரிக்கு அதுவே விஷம். உப்பின் அளவு தாறுமாறாக ஏறி இறங்க, அடியில் இருந்த கடற்புல் அழிந்தது, சிப்பிகள் போயின. மீனவர்கள் விடாமல் வழக்காடினார்கள். 2004 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்ஸ் கடமை தவறியதாகத் தீர்ப்புச் சொன்னது. தடைக்கும் தீர்ப்புக்கும் நடுவே 47 ஆண்டுகள். ஏரி இன்னும் முழுதாகத் தேறவில்லை.

இதைச் சொன்னபோது அந்த மூத்தவர் வலையைக் கீழே வைத்தார். "பணக்கார நாட்டுலயே அப்படியா?" என்றார். பழவேற்காட்டுக்குத் தெற்கே அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல், துறைமுகங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவ கிராமங்கள் பல வருடங்களாக எதிர்த்துவருகின்றன. முகத்துவாரத்தைக் கல் போட்டு நிலையாக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை, அதற்கான வேலையையும் அரசு எடுத்திருக்கிறது. இவற்றில் எது ஏரியை வாழவைக்கும், எது கெடுக்கும் என்று முடிவுகட்ட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நம்மைவிட அறுபது வருடம் முன்னால் இதே சோதனைகளைச் செய்து பார்த்த கரை ஒன்று இருக்கிறது. அதன் முடிவுகள் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்காமல் இங்கே முடிவெடுப்பது, எரர் லாகைத் திறக்காமலே கோடை மறுபடி ஓட்டுகிற மாதிரி.

நீங்களும் போய்ப் பார்க்க

உங்கள் ஊரில் ஏரி இல்லாமல் இருக்கலாம். தறி இருக்கும், உப்பளம் இருக்கும், பனை இருக்கும். வழி ஒன்றுதான். எனக்கு உதவியவை இவை:

1. தொழிலின் சொல்லைப் பிடியுங்கள். "பிரான்ஸ் மீனவர்" என்று ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலா விளம்பரம்தான் வரும். பி-ஆர்-யு-டி, ஓர் அப்பாஸ்ட்ரஃபி, எச்-ஓ-எம்-ஐ-இ என்று எழுதி, கூடவே ஈ-டி-ஏ-என்-ஜி சேர்த்துத் தேடினால் வேறு உலகம் திறக்கும். சொல் கிடைக்காவிட்டால், விக்கிப்பீடியாவில் அந்தப் பொருளின் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பிரெஞ்சுக் கட்டுரைக்குத் தாவுங்கள்.

2. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் "காலிகா" தளத்தில் பழைய நூல்கள், வரைபடங்கள், செய்தித்தாள்கள் என்று கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. "பெர்சே" தளத்தில் ஆய்விதழ்களின் பழைய கட்டுரைகள். இரண்டுக்கும் காசு கிடையாது.

3. காலிகாவில் பழவேற்காட்டையும் தேடலாம். அன்றைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் பி-ஏ-எல்-ஐ-ஏ-சி-ஏ-டி-இ. இப்போதைய ஆங்கிலப் பெயரைப் போட்டால் பாதி வராது.

4. மொழிபெயர்ப்புச் செயலி தருவதை அப்படியே நம்பாமல், முக்கியமான சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள். எத்தாங் "குளம்" ஆன கதை நினைவிருக்கட்டும்.

5. பார்த்ததை அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் மூன்று மாதம் படித்தும் கேட்கத் தோன்றாத கேள்வியை அவர் ஐந்து நிமிடத்தில் கேட்பார்.

திரையில் வராதது நிறைய. சேத் கால்வாயின் வாடை வராது, தென்கரையில் அடிக்கும் வடமேற்குக் காற்று முகத்தில் படாது, சீட்டு எடுக்கும்போது அந்த மீனவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை தெரியாது. விமான டிக்கெட்டுக்கு இது மாற்று ஆகாது. ஆனால் விசா எடுத்து ஒரு வாரம் போய் வருபவர் பெரும்பாலும் பாரிஸிலேயே திரும்பிவிடுவார். பாஜ் ஏரியில் கம்பு நடுபவரை அவர் சந்திக்கப் போவதில்லை.

கடைசியாக அந்த மூத்தவர் என்னிடம் கேட்ட ஒன்றுக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். லாங்தோக் ஏரிகளில் மீன்பிடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விலாங்கும் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலிடப்பட்டுவிட்டது. "சீட்டு எடுக்க ஆளே இல்லாம போனா, அந்த இடம் யாருக்குத் தம்பி?" என்றார். ப்ரூதொமிகளின் பழைய விதிப்புத்தகங்களில் அதற்கு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.